குளிரறையில் நாலு பங்கு

அத்தியாயம் 9

"செத்தவன் செத்துட்டானுங்க. அவன் என்ன எந்திரிச்சு வந்து காப்பி கேக்கப் போறானா? எம் பொட்டிக்குள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு? மொதல்ல அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க!"

இப்படி முழங்கியவர் மருதாசலம். மல்லசமுத்திரம் வட்டாரத்தில் பூமிக்குள் ஓட்டை போடும் ரிக் வண்டிகளை அவர் அளவுக்கு வைத்திருந்தவர் எவருமில்லை. அவருடைய வண்டிகள் போட்ட ஓட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் அமெரிக்காக்காரன் கொல்லைப்புறத்தில் தலையை நீட்டி, "என்னங்க, சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு வரலாம். அவருடைய தொண்டை, ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அடக்கிவிடும்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் துப்பறியும் தீர்த்தகிரி. அவர் ஒரு காலத்தில் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து அளந்தவர். ஊரில் உள்ள எல்லோரும் பொய் சொல்வார்கள், வரப்பு மட்டும்தான் உண்மை பேசும் என்று கண்டுகொண்ட நாளில் வேலையை விட்டுத் துப்பறிய வந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற உதவியாளர் சௌந்திரம், திருச்செங்கோட்டுக்காரி. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். வாய்க்காகவே மூன்று இடத்தில் வேலை போனவள். தீர்த்தகிரிக்கு ஒரு காது மந்தம் என்பதால் நாலாவது வேலை நிலைத்தது.

"காப்பியெல்லாம் கேக்க மாட்டாருங்க. மூணு நாளா உங்க கெணத்துத் தண்ணியவே குடிச்சுட்டுக் கெடந்திருக்காரு" என்றாள்.

"அதைச் சொல்லு! அந்தக் கெணத்தை எறைச்சுச் சுத்தம் பண்ண டீசலு எவன் ஊத்துவான்?" என்றார் மருதாசலம், உண்மையான துக்கத்தோடு.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருடத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதல் கம்ப்யூட்டர் மருதாசலத்தின் ஆபீசில்தான் வந்து இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, குளிரறையில் குடிவைத்தார்கள். அதில் யூனிக்ஸ் ஏற்றி, எந்த ரிக் எந்த ஊரில் நிற்கிறது, எதற்கு என்ன சாமான் போனது என்ற விவரத்தையெல்லாம் உள்ளே தள்ளியவன் சேலத்து என்ஜினீயர் கந்தன். போன ஞாயிற்றுக்கிழமை கந்தனைக் காணவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கம்ப்யூட்டருக்குள் இருந்த எல்லாவற்றையும் காணவில்லை. யாரோ டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, புத்தம்புதிதாக யூனிக்ஸ் ஏற்றி வைத்திருந்தார்கள். புதன்கிழமை கந்தன் மருதாசலத்தின் கிணற்றில் மிதந்தான்.

இன்ஸ்பெக்டர் செல்லமுத்துவுக்கு மூளையைத் தொந்தரவு செய்வது பிடிக்காது. "இந்த ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தன் கிணத்துல. அப்ப இன்னொருத்திதான்" என்று முடித்துவிட்டார்.

அந்த இன்னொருத்தி வசந்தாமணி. வாழப்பாடிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். மருதாசலத்திடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இப்போது வாசலில் வெயிலில் நிற்கும் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள். விசாரணை என்ற பெயரில் விழுந்த அறைகளால் ஒரு கன்னம் பன்னுபோல வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் மருதாசலம் வீட்டுப் பிரியாணியை முடித்து, பல்குத்தி, ஏப்பம் விட்டதும் அவளை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் நிறுத்தப்போகிறார். கொலைக் கேஸ்.

"ஏப்பம் வர்றதுக்குள்ள பார்த்துடணும் சௌந்திரம்" என்றார் தீர்த்தகிரி. "வா உள்ளே."

குளிரறைக் கதவைத் திறந்ததும் பற்கள் தாளம் போட்டன. அங்கே ஒரு மேச்சேரி ஆட்டைக் கட்டிப்போட்டால், பரம்பரையில் இல்லாத கம்பளி அதற்கு உடம்பெல்லாம் முளைத்துவிடும்.

சௌந்திரம் விசைப்பலகையைத் தட்டினாள். பச்சை எழுத்துகள் வரிசையாக வந்தன. "அடக் கண்றாவியே" என்று அவளே அறியாமல் வாய்விட்டாள்.

"என்ன?"

"யூனிக்ஸ் ஏத்தறதுக்கு மின்ன டிஸ்க்கைப் பிரிக்கோணுங்க சார். சிஸ்டத்துக்கு இத்தனை, ஃபைலுக்கு இத்தனை, தற்காலிகமா எழுதி அழிக்கறதுக்கு இத்தனை, ஸ்வாப்புக்கு இத்தனைன்னு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுவே கேக்கும், நாம எண்ணு குடுக்கோணும். ஒருக்கா பிரிச்சுட்டா அவ்வளவுதான். மாத்தோணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து வரோணும்."

"ஸ்வாப்புன்னா?"

"மெமரி நெறைஞ்சு போச்சுன்னா சாமானை எறக்கி வெக்கற எடமுங்க. மெமரி ரெண்டு மெகாபைட்டு இருந்தா, ஸ்வாப்புக்கு நாலு போதும். மிச்சத்துல பெரும்பங்கு ஃபைலுக்குப் போவோணும். இந்த மகராசன் என்ன பண்ணியிருக்கான் பாருங்க. மொத்த டிஸ்க்கே நாப்பது மெகாபைட்டு. சிஸ்டத்துக்கு ஒம்பது, ஸ்வாப்புக்கு ஒம்பது, தற்காலிகத்துக்கு ஒம்பது, ஃபைலுக்கும் அதே ஒம்பது. கல்யாணப் பந்தியில பூனைக்கும் எலை போட்டு லட்டு வெச்ச மாதிரி."

"வசந்தாமணி இப்படிச் செய்வாளா?"

"தறிக்காரூட்டுப் புள்ளைங்க சார் அது. ஒரு இழை வீணாப் போனாலே அதுக்குச் சோறு எறங்காது. கந்தன்கிட்ட நேரா நின்னு கத்துக்கிட்டது வேற."

தீர்த்தகிரி திரையில் இருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆரம்பம், முடிவு. ஆரம்பம், முடிவு.

"நாலு ஒம்பது முப்பத்தாறுதானே? மீதி?"

சௌந்திரம் கண்களைச் சுருக்கினாள். "அட, ஆமாங்க! மொதப் பங்கு முடிஞ்ச எடத்துலயே ரெண்டாவது ஆரம்பிக்கோணும். இவன் நடுவுல கொஞ்சம் எடத்தைச் சும்மா உட்டுட்டு ஆரம்பிச்சிருக்கானுங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலயும் அப்படியே. மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயும். மூணும் ஒரே அகலம். கடைசியிலயும் ஒரு துண்டு, யாருக்கும் குடுக்காம அனாதையா நிக்குது. எதுக்குன்னே தெரியல."

தீர்த்தகிரியின் முகம் மலர்ந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த கிழவருக்குக் இளவெயில் அடித்தது போலாயிற்று.

"கடைசித் துண்டு எனக்கும் தெரியலை. ஆனா நடுவுல இருக்கறது என்னன்னு தெரியும். தடம்."

"தடமுங்களா?"

"பங்காளிங்க காடுகரையைப் பிரிக்கும்போது, ஒருத்தன் வெள்ளாமையை இன்னொருத்தன் மாடு மிதிக்காம வண்டி போக வர வழி விடுவாங்களே, அந்தத் தடம். இருபது வருஷம் அதைத்தான் அளந்தேன்."

"டிஸ்க்குக்குள்ள எந்த வண்டிங்க சார் போவுது?"

"எதுவும் போகாது. ஆனா பிரிச்சவன் டிஸ்க்கைப் பார்த்துப் பிரிக்கலை. காட்டைப் பார்த்துப் பிரிச்சிருக்கான். இவன் கம்ப்யூட்டர்காரன் இல்லை, காட்டுக்காரன். இந்த அறைக்குச் சாவி வெச்சிருக்கற காட்டுக்காரங்க ரெண்டே பேர்."

ஒருவர் மருதாசலம். இன்னொருவர் அவருடைய தம்பி சின்னுசாமி.

சின்னுசாமியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குனிந்தே நடப்பார். ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொண்டுவந்து கொடுப்பதுதான் அவருடைய முழுநேர வேலையோ என்று தோன்றும். "அந்தப் பொட்டியத் தொட்டா ஷாக் அடிக்குமாங்க" என்று கேட்டுவிட்டுக் குளிரறை வாசலிலேயே நின்றுவிடுவார். அப்பன் விட்டுப்போன காட்டை அண்ணனும் தம்பியும் பிரித்த மறுவருடமே, நடுவில் இருந்த பொதுத் தடத்தை மருதாசலம் டிராக்டர் விட்டு உழுது கடலை போட்டுவிட்டார். அன்றுமுதல் சின்னுசாமி தன் காட்டுக்குச் சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வழக்குப் போட்ட அன்று பிறந்த கன்றுக்குட்டி இப்போது கொள்ளுப்பேத்தி எடுத்துவிட்டது.

"அண்ணன்காரன்தானுங்க சார்" என்று சௌந்திரம் கிசுகிசுத்தாள். "ஊருக்கெல்லாம் பாகம் பிரிச்சு உடறது அந்த ஆளுதான். சின்னவரு மோரைக் கூட ரெண்டு டம்ளர்ல பிரிச்சு ஊத்த மாட்டாரு."

"பார்க்கலாம். எல்லாரையும் கூப்பிடு. தடத்தைப் பத்தி வாயைத் திறக்காதே."

இன்ஸ்பெக்டர் பல்குத்திக்கொண்டே வந்தார். அண்ணனும் தம்பியும் பின்னால் வந்தார்கள். தீர்த்தகிரி கம்ப்யூட்டர் திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். கடப்பைக் கல் தரையில் சாக்பீஸால் பாய் அகலத்துக்கு இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்.

"ஒரு சின்ன விளையாட்டு. இது ஒரு காடு. பங்காளிங்க நாலு பேர். பிரிச்சுக் காட்டுங்க. பெரியவர் மொதல்ல."

"கொலைக் கேசுல பாண்டியாட்டமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தோத்தவங்க ஜெயிலுக்குப் போவோணுங்க" என்றாள் சௌந்திரம்.

மருதாசலம் சாக்பீஸைப் பிடுங்கினார். சரக், சரக், சரக். மூன்றே கோடு. முதல் பங்கு மட்டும் யானை படுக்கிற அளவு. மற்ற மூன்றும் யானையின் வால்.

"பெருசு எனக்கு."

"மத்த மூணு பேர்?"

"அது அவனவன் தலையெழுத்து. நான் என்ன பிரம்மனுங்களா?"

கோடுகளுக்கு நடுவில் ஓர் எறும்பு போக வழியில்லை. சௌந்திரத்தின் முகம் தொங்கிவிட்டது. இந்த மனிதர் எங்கே பிரித்தாலும் தடம் விடுகிற ஜாதி இல்லை. வரப்பையே வறுத்துத் தின்கிற ஆள்.

தீர்த்தகிரி இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். "சின்னவர் வாங்க."

சின்னுசாமி சாக்பீஸை வாங்கிக்கொண்டார். கட்டத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த திரையையும் ஒரு நொடி பார்த்தார். பிறகு குனிந்து, அண்ணனைப் போலவே கோணல்மாணலாக மூன்று கோடு இழுத்தார். பெரிதும் சிறிதுமாக நாலு பங்கு. நடுவில் இடைவெளியே இல்லை. சாக்பீஸை மெதுவாக வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அண்ணன் போட்டாப்பிடி போட்டுட்டேன்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு ஏப்பம் வந்துவிட்டது. அறையே அதிர்ந்தது. "அவ்வளவுதானா சார்? நான் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம். நீங்க சாட்சியா இருங்க" என்ற தீர்த்தகிரி, மருதாசலத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "பெரியவரே, வாழ்த்துகள். நான் பழைய சர்வேயர். உங்க வழக்குல நானே கூண்டேறிச் சொல்றேன். உங்க தம்பி கையில சாக்பீஸைக் குடுத்து, அவர் இஷ்டத்துக்குக் காட்டைப் பிரிக்கச் சொன்னப்ப, தடம் இல்லாமதான் பிரிச்சார். அப்ப அவருக்கே தடம் தேவையில்லைன்னுதானே அர்த்தம்?"

மருதாசலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் குளிர்சாதனப் பெட்டியே ஒரு கணம் நின்று ஓடியது.

"டேய் சின்னுசாமி! கேட்டியாடா? நீயே தடம் வேண்டாங்கறே! இன்ஸ்பெக்டரே சாட்சி! ஒழிஞ்சுதுடா உங் கேசு! செத்தாலும் சுடுகாட்டு வழி, இருந்தாலும் சுடுகாட்டு வழி, உனக்கு நாளையிலிருந்து அதுதான்டா ராசபாட்டை!"

"வேண்டாமுங்கண்ணா."

"கடலை போட்ட எடத்துல இனி கரும்பு போடறேன்! நீ அந்தப் பக்கம் நின்னு வாயைப் பார்த்துட்டு இரு! உம் மாட்டுக்குக் கரும்புச் சோகைத் தழை கூடக் குடுக்க மாட்டேன்!"

"வேண்டாமுங்கண்ணா... சிரிக்காதீங்க."

மருதாசலம் இன்னும் உரக்கச் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் மரியாதைக்குக் கொஞ்சம் சேர்ந்துகொண்டார்.

சின்னுசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று தூக்குக் கயிறு. இன்னொன்று அந்தச் சிரிப்பு. கயிறு ஒரு தடவையோடு விட்டுவிடும். அண்ணனுடைய சிரிப்பு தினமும் விடிந்ததும் வரும்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மண்டியிட்டார். தான் போட்ட மூன்று கோடுகளையும் துடைத்தார். எத்தனை வெறியோடு துடைத்தார் என்றால் கடப்பைக் கல் ஒரு சுற்று தேய்ந்தே போயிருக்கும்.

"காட்டை எப்படிப் பிரிக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க. பார்த்துக்கங்க எல்லாரும்!"

சாணால் அளந்தார். கோடு போட்டார். நாலு விரல் விட்டு அடுத்த கோடு. மறுபடி சாண் அளந்தார். மறுபடி நாலு விரல். நாலு பங்கும் தராசில் வைத்தது போல் ஒரே அளவு. நடுவில் மூன்று தடம், மூன்றும் ஒரே அகலம். அப்புறமும் எழுந்திருக்காமல், கட்டத்தின் கடைசியில் ஒரு சிறு துண்டைத் தனியாகக் கோடு போட்டு ஒதுக்கினார்.

"அது யாருக்குங்க?" என்று தீர்த்தகிரி மிக மெதுவாகக் கேட்டார்.

"கொலசாமிக்குங்க. எல்லாரும் எடுத்தது போவ சாமிக்கு ஒரு துண்டு உடாம எங்கப்பன் எந்தக் காட்டையும் பிரிச்சதில்லீங்க. இவனுக்குத்தான் அதுவும் பத்தல!"

சௌந்திரம் கம்ப்யூட்டர் திரையை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"இன்ஸ்பெக்டர் சார், தரையையும் இதையும் மாத்தி மாத்திப் பாருங்க. ஒரு பங்கு, ஒரு தடம். ஒரு பங்கு, ஒரு தடம். ஒரு பங்கு, ஒரு தடம். நாலாவது பங்கு. கடைசியில அனாதையா ஒரு துண்டு. அது எதுக்குன்னு தெரியாம நாங்க மண்டைய ஒடைச்சுட்டிருந்தமுங்க. சாமிக்குங்களா! யூனிக்ஸுக்கே கொலதெய்வம் குடுத்த மொத ஆளு நீங்கதானுங்க மாமா."

சின்னுசாமி எழுந்தார். திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு தான் போட்ட எந்தக் கோட்டையும் மிதிக்காமல் தள்ளிப்போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

"மோர் குடுக்கற சாக்குல பின்னாடியே நின்னு பார்த்துட்டிருந்தேனுங்க. பி.யூ.சி. வரைக்கும் படிச்சவன் நான். அது யாருக்கும் நெனைப்பில்ல. ஃபிளாப்பியெல்லாம் பீரோவுல இருந்துது. ஒண்ணொண்ணாச் சொருகி, கேட்டதுக்கெல்லாம் எண்ணு குடுத்தாப் போதுமுங்க."

"கந்தன் உங்களுக்கு என்ன பண்ணினான்?"

"ஒரிசாவுல ஒரு வண்டி எரிஞ்சு போச்சுன்னு அண்ணன்கிட்டச் சொல்லியிருந்தேனுங்க. எரியல. எம் பேர்ல ஓடிட்டு இருக்குது. மோரைக் குடிச்சுட்டே கந்தன் கேட்டான், 'ஏனுங்க மாமா, செத்துப் போன வண்டிக்கு மாசாமாசம் சாமான் போவுதே, அது என்ன பேயா?'ன்னு. சிரிச்சுட்டுத்தானுங்க கேட்டான். நல்ல பையன். கெணத்தைப் பாக்கலாம் வாடான்னேன். ஞாயித்துக்கெழமை, எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தாங்க. நீச்சல் தெரியலீங்க அவனுக்கு. மோர்ச் சொம்பைப் புடிச்சுட்டு மேலயே நின்னேன், சத்தம் நிக்கற வரைக்கும்."

"அண்ணன் கிணத்துல ஏன்?"

"எங் காட்டுல கெணறு இல்லீங்களே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழி அவம் மேல விழுகும்னும்தான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் செல்லமுத்து பல்குத்தியைக் கீழே எறிந்தார். "எனக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஆள் மேலதான் சந்தேகம்."

"அதனாலதானுங்களா அந்தப் புள்ளைய அறைஞ்சீங்க?" என்றாள் சௌந்திரம்.

மருதாசலம் தம்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி அவருடைய தோளைத் தொடக் கையை நீட்டினார். அதற்குள் மருதாசலம் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்துவிட்டார்.

"ஏனுங்க, இவனை உள்ள வெச்சுட்டா அந்தத் தடத்துக் கேசு தானாத் தள்ளுபடி ஆயிருமுங்களா? இல்ல இவன் பொண்டாட்டி நடத்துவாளா?"

தீர்த்தகிரி நீட்டிய கையை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சின்னுசாமிக்கு விலங்கு மாட்டி வெளியே கூட்டி வந்தார்கள். வசந்தாமணியை ஜீப்பிலிருந்து இறக்கினால்தான் அவரை ஏற்ற இடமிருக்கும். இறக்கினார்கள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "போம்மா, போ" என்றார் ஒரு கான்ஸ்டபிள், கோழியை விரட்டுவதுபோல.

அவள் போகவில்லை. நடந்ததைச் சௌந்திரம் அவளிடம் நாலே வாக்கியத்தில் சொன்னாள். கேட்டுவிட்டு நேராகச் சின்னுசாமியின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஸ்வாப்புக்கு நாலு போதும்னு கந்தன் சார் உங்க எதிர்லதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. நீங்க ஏன் ஒம்பது குடுத்தீங்க? நான் இப்படிப் பிரிக்கவே மாட்டேன்னு ஸ்டேஷன்ல சொன்னதுக்கு, விடிய விடிய இதையேதான் கேட்டாங்க. ஏன்டி இப்படிப் பிரிச்சேன்னு. எனக்குப் பதில் தெரியலை."

சின்னுசாமி தலையை நிமிர்த்தினார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பது போல அவருக்கு ஆச்சரியம்.

"அதெப்படி கண்ணு? நாலு பேருன்னா நாலு பேருக்கும் சமமாத்தான குடுக்கோணும்? சும்மா ஒக்காந்திருக்கறவன், கேக்க வாயில்லாதவன்னு ஒருத்தன் பங்கைக் கொறைச்சா அது பாவமில்லியா? நான் அந்த மாதிரிப் பண்ண மாட்டேன்."

"என்னை மட்டும் கொலைகாரின்னு ஏத்தி விடலாமா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நியாயத்தைத் தேடி, நன்றாகவே யோசித்தார்.

"நீ எங்க பங்காளி இல்லியே அம்மிணி."

வசந்தாமணி கையை ஓங்கினாள். இன்ஸ்பெக்டர் செல்லமுத்து தன் உத்தியோக வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நல்ல காரியம் செய்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.